13 டிகிரி நீரில் வாழும் மீன்

நீலகிரியில் டிரவுட் மீன் பிடிக்கப் போகிறவர் தூண்டிலோடு ஒரு வெப்பமானியையும் பையில் வைத்துக்கொள்ள வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. மீன் எந்தக் கல்லுக்குப் பின்னால் நிற்கும், எந்த மடுவில் இரை எடுக்கும் என்பவற்றையெல்லாம் கண்ணாலும் பழக்கத்தாலும் ஓரளவு கணித்துவிடலாம். ஆனால் அந்த ஓடையில் டிரவுட் வாழ முடியுமா என்ற முதற்கேள்விக்கு விடை சொல்வது நீரின் குளிர்ச்சிதான்.

நம் மலையில் உள்ள வானவில் டிரவுட் வட அமெரிக்காவின் பசிபிக் கரையோர ஆறுகளைப் பூர்வீகமாகக் கொண்டது. ஏறக்குறைய 10 முதல் 18 டிகிரி செல்சியஸ் வரையுள்ள நீரில் அது நன்றாக இரை எடுத்து வளர்கிறது. 20 டிகிரியைத் தாண்டினால் இரையில் நாட்டம் குறைந்து ஒடுங்குகிறது. 25 டிகிரியை ஒட்டிய நீரில் நெடுநேரம் உயிர் தரிப்பது அதற்குக் கடினம். நீர் சூடேறச் சூடேற அதில் கரைந்திருக்கும் ஆக்சிஜன் குறைகிறது, அதே வேளையில் மீனின் உடலுக்கு வேண்டிய ஆக்சிஜனோ கூடுகிறது. இதில் உயரமும் சேர்ந்துகொள்கிறது. எமரால்டு, அவலாஞ்சிப் பகுதி ஏறக்குறைய 2,000 மீட்டர் உயரத்தில் இருப்பதால், காற்றழுத்தம் கடல்மட்டத்தைவிட ஐந்தில் ஒரு பங்கு குறைவு. ஆகவே ஒரே வெப்பநிலையில் சமவெளி நீர் ஏந்தும் ஆக்சிஜனை மலை நீர் ஏந்துவதில்லை. பாறைகளில் மோதி வெண்ணுரையாகச் சிதறும் ஓடை அந்தக் குறையைப் பெருமளவு ஈடுசெய்கிறது. தேங்கிய நீரில் காண முடியாத மீனைச் சலசலக்கும் நீரில் நாம் தேடிப் போவதற்கு இதுவே காரணம்.

பிப்ரவரி மாதக் கடைசியில், எமரால்டு நீர்த்தேக்கத்தின் பக்கம் இறங்கும் ஓர் ஓடைக்கு அரை நாள் போய் வந்தேன். ஓடையின் பெயரை எழுதவில்லை. மீன் குறைவாக உள்ள சிறிய ஓடைகளின் பெயரைப் பொதுவில் எழுதுவது அவற்றுக்கு நல்லதன்று என்பது மலையில் தூண்டில் போடுகிறவர்கள் பலரும் காக்கும் வழக்கம், அது சரியான வழக்கமும்கூட. உடன் வந்தவர் குந்தா நீர்மின் திட்டத்தில் பணிசெய்து ஓய்வுபெற்ற ஓர் அண்ணன். கொழும்புத் திட்டத்தின் கீழ் கனடாவின் உதவியோடு அமைந்த அந்த மின்திட்டத்தின் அணைகளையும் சுரங்கக் குழாய்களையும் தம் வீட்டு அறைகளைப் போல அறிந்தவர் அவர். மீன்பிடி உரிமத்தையும், காட்டை ஒட்டிய இடமாதலால் உள்ளே செல்வதற்கான அனுமதியையும் முன்னதாகவே வாங்கியிருந்தோம். முக்குருத்தி தேசியப் பூங்காவுக்குள் தூண்டில் போடும் எண்ணமே யாருக்கும் வரக்கூடாது என்பதை இங்கேயே சொல்லிவிடுகிறேன்.

கிளம்பும்போது அண்ணன் ஒரே ஒரு நிபந்தனை வைத்தார். "தம்பி, அணைக்குக் கீழே ஓடுற தண்ணியில மட்டும் கால் வைக்க வேணாம். மேலே வெயில் அடிச்சுக்கிட்டு இருக்கும், மின்சாரத் தேவைக்கு எப்போ தண்ணி விடுவாங்கன்னு நமக்குத் தெரியாது." நாங்கள் தேர்ந்தெடுத்த ஓடை அணைக்கு மேலே, மலைமடிப்பில் அடர்ந்திருக்கும் குட்டை மரக்காடான சோலையிலிருந்து நேராக வருவது.

உறைபனிக் காலம் முடிந்து புல்வெளி செம்பழுப்பாகக் கருகிக் கிடந்தது. சோலை ஓரத்தில் காட்டுப் பூவரசு சிவப்பாகப் பூத்திருந்தது. காலை எட்டு மணிக்குச் சோலையை விட்டு ஓடை வெளிவரும் இடத்தில் வெப்பமானியை நீருக்குள் ஒரு சாண் ஆழத்தில், வெயில் படாமல், சில நிமிடங்கள் பிடித்திருந்தேன். 13 டிகிரி காட்டியது.

இந்த மீன் தானாக இங்கே வந்ததன்று. ஆகவே அதன் வரலாற்றைச் சொல்லாமல் மேலே போக முடியாது. இந்திய மீன்களைப் பற்றிப் பெருநூல் எழுதிய படை மருத்துவர் பிரான்சிஸ் டே, 1863ஆம் ஆண்டில் டிரவுட்டை நீலகிரியில் குடியேற்ற முயன்றார், அது கைகூடவில்லை. சூயஸ் கால்வாய் 1869இல்தான் திறக்கப்பட்டது என்பதையும், கருவுற்ற முட்டை பொரிக்கும்வரை அதைச் சுற்றியுள்ள நீர் குளிர்ச்சி குறையாமல் இருக்க வேண்டும் என்பதையும் சேர்த்து நினைத்தால், வெப்பமண்டலக் கடல்களைச் சுற்றிக்கொண்டு வந்து, சமவெளியைக் கடந்து, மாட்டுவண்டிச் சாலையில் மலையேறும் ஒரு பெட்டிக்குள் முட்டைகளை உயிரோடு வைத்திருப்பது அக்காலத்தில் எத்தனை கடினமாக இருந்திருக்கும் என்பது விளங்கும். எச். சி. வில்சன் என்பவரின் முயற்சியால் 1907இல் அவலாஞ்சியில் பொரிப்பகம் அமைந்து, அதையடுத்த ஆண்டுகளில் வெளிநாடுகளிலிருந்து வந்த வானவில் டிரவுட் முட்டைகள் அங்கே பொரிக்கப்பட்ட பிறகே மீன் இந்த மலையில் நிலைபெற்றது.

பொரிப்பகத்தில் நடக்கும் வேலை நுட்பமானது. சினைமீனின் வயிற்றை மேலிருந்து கீழாக மெல்ல நீவி, முட்டைகளை ஈரமில்லாத பாத்திரத்தில் வாங்கிக்கொள்கிறார்கள். அதன்மேல் ஆண்மீனின் விந்துநீரைக் கலந்த பிறகே தண்ணீர் சேர்க்கிறார்கள். முன்பே தண்ணீர் பட்டால் முட்டை நீரை உறிஞ்சி அதன் நுண்துளை மூடிக்கொள்ளும், விந்தணுவும் சிறிது நேரத்தில் அசைவற்றுப் போகும் என்பதால் இந்த ஒழுங்கு. 10 டிகிரி நீரில் முட்டை பொரிக்க ஏறக்குறைய ஒரு மாதம் ஆகும். முட்டைக்குள் இரண்டு கரும்புள்ளிகளாகக் கண் தெரியும் பருவம் வந்த பிறகு அதைப் பத்திரமாக இடம் மாற்றலாம். கடல் கடந்த பயணங்களெல்லாம் இந்தப் பருவத்தை நம்பியே நடந்தன. இயற்கையான ஓடையில் இதே வேலையைப் பெண்மீன் தன் வாலால் கூழாங்கற்களைக் கிளறிக் குழி செய்து, முட்டையிட்டு, மீண்டும் கற்களால் மூடிச் செய்கிறது. அந்தக் கற்களின் இடுக்குகளில் குளிர்ந்த நீர் தடையின்றி ஓட வேண்டும். மேலேயுள்ள வயலிலிருந்து வண்டல் வந்து படிந்தால் முட்டைகள் மூச்சடைத்துச் செத்துவிடும். பனிக்காலத்தை ஒட்டிய மாதங்களில் ஓடையின் கூழாங்கல் படுகைகளில் கண்டபடி நடந்து திரியக் கூடாது என்று சொல்வதற்கும் இதுதான் காரணம்.

தூண்டிலை இணைப்பதற்கு முன் ஓடையைப் படிக்க வேண்டும். டிரவுட் நீரோட்டத்தை எதிர்த்து முகம் வைத்து நிற்கும் மீன். ஓட்டம் கொண்டுவரும் இரையை நோக்கிக் காத்திருப்பதும், அதற்காகச் செலவிடும் சக்தியை மிச்சப்படுத்துவதும்தான் அதன் பிழைப்பு. எனவே, வேகமான நீரும் மெதுவான நீரும் உரசிச் செல்லும் கோட்டில், ஒரு பாறையின் பின்னாலோ, குடைந்த கரையின் அடியிலோ, நீர்வீழ்ச்சி விழுந்து தணியும் விளிம்பிலோ அது நிற்கும். மேலிருந்து கீழாக நடந்து வருகிறவரை அது முதலிலேயே பார்த்துவிடும். கீழிருந்து மேலாக, அதன் வாலுக்குப் பின்னாலிருந்து அணுகுவதே முறை. நீருக்குள்ளிருந்து மேலே பார்க்கும் மீனுக்கு வெளியுலகம் முழுவதும் தலைக்கு மேல் ஏறக்குறைய 97 டிகிரி கோணமுள்ள ஒரு வட்டத்துக்குள் அடங்கித் தெரிகிறது. கரையோரத்தில் தாழ்வாக இருப்பவை அந்த வட்டத்தின் விளிம்பில் நசுங்கி மங்கலாகின்றன. குனிந்தும் முழங்காலிட்டும் அணுகுகிறவருக்கு மீன் கிடைப்பதன் பின்னால் இருப்பது ஒளிவிலகல் விதிதான். கண்ணுக்குத் தப்பினாலும் காலடி அதிர்வு அதன் பக்கவாட்டுக் கோட்டுப் புலனுக்குத் தப்பாது. அதனால் ஓடைக்கரையில் கனமாக அடியெடுத்து வைக்கிறவர் எத்தனை நல்ல கருவி வைத்திருந்தும் பயனில்லை.

அண்ணன் தூண்டில் போடவில்லை. மேலே ஒரு பாறையில் உட்கார்ந்து, காட்டெருமை ஏதும் புதரிலிருந்து இறங்குகிறதா என்று பார்த்துக்கொண்டு, அவ்வப்போது நீரைக் காட்டி மெதுவாகச் சொல்லிக்கொண்டிருந்தார். "அந்த வளைவுல ஒரு மடு இருந்தது. 2019 வெள்ளத்துல மூடிப்போச்சு. இப்போ இங்க தோண்டியிருக்கு பாருங்க." 2019 ஆகஸ்டில் அவலாஞ்சியில் ஒரே நாளில் 800 மில்லிமீட்டருக்கு மேல் மழை கொட்டியது, அந்த வெள்ளம் உருட்டிப் போட்ட பாறைகள் இன்னும் பாசி முழுவதும் படராமல் வெளிறிக் கிடந்தன. ஓடையின் மடுக்கள் நிலையானவை அல்ல. பழைய நினைவை நம்பித் தூண்டில் போடுகிறவரைவிட அன்றைய நீரைப் பார்த்துப் போடுகிறவரே மீன் காண்பார்.

நான் கொண்டுபோனது ஈத்தூண்டில். மற்றத் தூண்டில்களில் முள்ளும் ஈயக்குண்டும் நரம்பை இழுத்துச் செல்லும்; இதில் கனம் நரம்பிலேயே இருக்கிறது, அந்த நரம்பின் வீச்சு, இறகும் நூலும் கட்டிய எடையற்ற செயற்கைப் பூச்சியைக் கொண்டுபோய் வைக்கிறது. முள்ளின் எதிர்க்கொக்கியைக் குறடால் அழுத்தித் தட்டையாக்கியிருந்தேன்; மீனை விடுவிக்கும்போது வாய் கிழியாமல் எளிதாகக் கழன்றுவரும். எந்தப் பூச்சியைக் கட்டுவது என்று தெரிந்துகொள்ள, ஓடைக்கல் ஒன்றைப் புரட்டிப் பார்த்தேன். அடியில் மேஃப்ளை எனப்படும் ஈசலையொத்த பூச்சியின் தட்டையான இளம்புழுக்கள் ஓடி ஒளிந்தன. மணலையும் குச்சித் துணுக்கையும் பட்டிழையால் ஒட்டித் தன் உடம்புக்கு ஓர் உறை செய்துகொள்ளும் கேடிஸ் புழுக்கள் கல்லில் வரிசையாக ஒட்டியிருந்தன. இந்த இரண்டு வகையும் மாசு மிகுந்த, சூடான நீரில் எளிதில் மறைந்துபோகும் உயிர்கள். அவற்றை அத்தனை எண்ணிக்கையில் பார்த்ததே எனக்கு நிறைவாக இருந்தது. கல்லை இருந்தபடியே திருப்பி வைத்தேன். வைக்காவிட்டால் அதன் அடிப்பக்கத்து உயிர்களெல்லாம் வெயிலில் காய்ந்துவிடும்.

சோலைநிழல் விழுந்த இரண்டாவது மடுவில், நுரைக்கோட்டின் மேல்நுனியில் பூச்சி விழுந்து இரண்டு முழம் மிதந்து வருவதற்குள் நீர் குமிழியிட்டது. ஒரு சாணுக்குச் சற்று மேலான மீன். இத்தகைய சிறிய, இரை குறைந்த ஓடைகளில் டிரவுட் பெரிதாக வளர்வதில்லை. கையை நன்றாக நனைத்துக்கொண்டு, நீருக்குள் வைத்தபடியே முள்ளைக் கழற்றினேன். உலர்ந்த கை பட்டால் மீனின் வழுவழுப்பான மேற்பூச்சு உரிந்துவிடும், கிருமியிலிருந்து அதைக் காக்கும் கவசம் அதுதான். பக்கவாட்டில் ஓடும் இளஞ்சிவப்புப் பட்டையும், வால்வரை நிறைந்த கரும்புள்ளிகளும், முதுகுத் துடுப்புக்கும் வாலுக்கும் இடையே கதிர்களில்லாத சிறிய கொழுப்புத் துடுப்பும் தெளிவாகத் தெரிந்தன. தலையை ஓட்டத்துக்கு எதிராக வைத்துப் பிடித்திருந்தபோது, செவுள்கள் சில முறை திறந்து மூடின; பிறகு அது கையிலிருந்து தானாகவே நழுவிப் போனது.

அங்கிருந்து கீழே இறங்கினோம். வெயில் முழுவதும் படும் புல்வெளிப் பகுதியில், பதினொரு மணிக்கு நீர் 16 டிகிரி. அதற்குக் கீழே நிலம் மாறுகிறது. ஓடையின் ஒரு கரையில் தேயிலையும், மறு கரையில் கேரட்டும் உருளைக்கிழங்கும் பூண்டும் நீர் விளிம்புவரை வந்துவிட்டன. கரை மரங்கள் இல்லை. மோட்டார் வைத்து நீரைத் தெளிப்புப் பாசனத்துக்கு எடுக்கிறார்கள். அகலமாகப் பரந்து, கணுக்கால் ஆழத்துக்கு மெலிந்துபோன அந்த நீரில் நண்பகலுக்குப் பின் வெப்பமானி 20 டிகிரியைத் தொட்டது. ஓடை முழுவதையும் ஒரு மணி நேரத்தில் நடந்துவிடலாம். அந்தச் சிறிய தொலைவுக்குள், மேலே மீன் வாழும் நீராக இருந்தது கீழே அது ஒடுங்கத் தொடங்கும் எல்லையை எட்டிவிடுகிறது. விவசாயியைக் குறைகூற நான் இதை எழுதவில்லை. மலைக்காய்கறியில் ஒரு பருவம் கைவிட்டால் அடுத்த பருவத்துக்கு விதைக்கிழங்கு வாங்கவே கடன்பட வேண்டியிருக்கும் குடும்பங்கள் அவை. ஆனால் கரையோரமாக ஒரு சில அடி அகலத்துக்காவது மரமும் புதரும் விட்டிருந்தால், அந்த நிழல் நீரின் சூட்டைக் குறைத்து, கரை சரிவதையும் வண்டல் இறங்குவதையும் சேர்த்தே தடுத்திருக்கும். வயலுக்கும் அது நன்மைதான்.

ஓடை சோலையிலிருந்து குளிர்ச்சியாக வருவது மரநிழலால் மட்டுமன்று. நீலகிரியின் மேல்மட்டத்தில் மலைச்சரிவெங்கும் புல்வெளியும், மடிப்புகளில் குட்டையான சோலையும், பள்ளத்தாக்கின் தரையில் கரிமண் சதுப்பும் சேர்ந்தே இருக்கின்றன. இந்தச் சதுப்புகளில் பல்லாயிரம் ஆண்டுகளாகப் படிந்த தாவர எச்சங்கள் உண்டு. தென்மேற்குப் பருவமழையின் நீர் புல்வேர்களின் ஊடாக நிலத்துக்குள் இறங்கி, வெயில் காணாமல் மெதுவாக நகர்ந்து, மாதங்கள் கழித்து ஊற்றாகக் கசிகிறது. நிலத்தடியில் தங்கிய நீர் அந்த இடத்தின் ஆண்டுச் சராசரி வெப்பத்தை ஒட்டியே இருக்கும் என்பதால், கோடையிலும் அது குளிர்ந்து வருகிறது. பிப்ரவரியில் மழையின்றியும் ஓடை ஓடுவது இப்படித்தான். இந்தப் புல்வெளியில் பெரும்பகுதியை, வாட்டில் எனப்படும் சீகை மரமும் யூகலிப்டஸ் எனப்படும் கற்பூர மரமும் பைனும் நட்டு நாம் இழந்தோம். தோல் பதனிடும் பட்டைக்காகவும் மரக்கூழுக்காகவும் விறகுக்காகவும் பரப்பிய சீகை, இன்று நடாத இடத்திலும் தானாகவே பரவுகிறது. ஆண்டு முழுவதும் பசுமையாக நின்று நீரை உறிஞ்சும் அந்தத் தோப்புகளுக்கு நடுவே வறண்டுபோன ஊற்றுகளை அண்ணன் எனக்குக் காட்டியிருக்கிறார்.

திரும்பும் வழியில், புல்வெளிப் பகுதியின் மேல்நுனியில் இருந்த ஆழமான மடு ஒன்றில் இன்னொரு மீன் கிடைத்தது. ஓர் அடி நீளம். உரிமம் அனுமதிக்கும் அளவுக்குள் இருந்ததால் இதை அண்ணனின் வீட்டுக்கு எடுத்துக்கொண்டோம். மிளகாய்த்தூளும் மஞ்சளும் உப்பும் தடவிக் கல்லில் பொரித்த மீனுக்கு வேறொன்றும் வேண்டியிருக்கவில்லை. ஆனால் அதைக் கழுவும்போது இரைப்பையைத் திறந்து பார்த்தது பற்றித்தான் நான் அதிகம் எழுத விரும்புகிறேன். கேடிஸ் உறைகள் இருந்தன, ஒரு வெட்டுக்கிளியின் கால்கள் இருந்தன, பாதி செரித்த நிலையில் ஒரு சிறு தவளையும் இருந்தது.

மேற்குத் தொடர்ச்சி மலையின் சோலைத் தவளைகளில் பல இனங்கள் உலகில் வேறெங்கும் இல்லாதவை. இரைப்பையில் இருந்தது எந்த இனம் என்று அந்த நிலையில் பிரித்தறிய இயலவில்லை என்றாலும், பொருள் ஒன்றே. உலகின் மிகக் கேடு விளைவிக்கும் நூறு அயல் ஊடுருவி இனங்களின் பட்டியலில் வானவில் டிரவுட் இடம்பெற்றுள்ளது; அதன் வயிற்றில் ஒரு தவளையைக் கண்ட பிறகு அந்தப் பட்டியலை ஏட்டுச் செய்தியாக மட்டும் வைத்திருக்க முடியாது. டிரவுட்டைக் குடியேற்ற முயன்ற அதே டே, 1867இல் நீலகிரிக்குரிய ஒரு சிறு மீனை அறிவியல் உலகுக்கு விவரித்தார். நீலகிரி டேனியோ எனப்படும் அந்த மெல்லிய மீன் இன்று அழிவாய்ப்புள்ள இனங்களில் ஒன்று. அதற்காகப் பொரிப்பகம் யாரும் கட்டவில்லை.

டிரவுட்டை நான் விரும்புகிறேன். அந்த மீனைத் தேடிப் போனதால்தான் இந்த ஓடைகளை எனக்குத் தெரியும். ஆயினும் ஏற்கெனவே அது நிலைபெற்ற நீர்களோடு நிறுத்திக்கொள்ள வேண்டும், அது இல்லாத சோலை ஓடைகளில் ஒரு குஞ்சைக்கூடப் புதிதாக விடக்கூடாது என்று உறுதியாகச் சொல்வேன். நூறாண்டு கடந்த அவலாஞ்சிப் பொரிப்பகத்தில் குளிர்நீர் மீன்வளர்ப்பைப் பற்றிய அறிவும் கைப்பழக்கமும் சேர்ந்திருக்கின்றன. அந்தக் கைகள் மலையின் சொந்த மீன்களுக்காகவும் உழைக்கலாம். இதைச் சொன்னபோது அண்ணன் சிறிது யோசித்து, "மீன் எதுவா இருந்தாலும் முதல்ல தண்ணி இருக்கணும் தம்பி, தண்ணிக்குச் சோலை இருக்கணும்" என்றார். எமரால்டு நீர்த்தேக்கத்துக்குப் போகும் இந்த நீர் மின்நிலையங்களின் சுழலிகளைச் சுற்றிவிட்டுப் பவானியில் சேர்ந்து, பவானிசாகரில் தேங்கி, வாய்க்கால்களில் பிரிந்து, எஞ்சியது கூடுதுறையில் காவிரியோடு கலக்கிறது. கீழே நெல்லும் மஞ்சளும் விளைவிக்கிறவருக்கும் இந்த 13 டிகிரி ஊற்று சொந்தம்.

அண்ணனின் நிலம் ஓடையை ஒட்டிச் சிறிது உண்டு. அதன் கரையில் சீகைக் கன்றுகளைப் பிடுங்கிவிட்டுச் சோலை மரங்களான காட்டுச் செண்பகத்தையும் நாவல் வகையையும் நட்டு வருகிறார். உறைபனியில் கருகாமலிருக்க முதல் இரண்டு ஆண்டுகள் கன்றுகளைப் புல்லால் மூடி வைக்க வேண்டியிருக்கிறது, காட்டெருமை மிதிக்காமல் முள்வேலியும் வேண்டும். ஏப்ரல் கடைசியில், கோடை மழைக்கு முன் ஓடை மிகவும் மெலிந்திருக்கும் நாளில், அவர் நட்ட கரையின் மேலும் கீழும் நீரின் வெப்பத்தை மறுபடி அளந்து எழுதி வைப்பதாக இருக்கிறோம். அன்று தூண்டில் கொண்டுபோகப் போவதில்லை. நீர் 20 டிகிரியை நெருங்கிய பிறகு பிடித்து இழுத்து விடும் மீன், நீந்திப் போவதுபோல் தெரிந்தாலும், இழந்த ஆக்சிஜனை மீட்க முடியாமல் சில மணி நேரத்தில் செத்துவிடக்கூடும்.